ஆங்கிலச் சமயக் கவிதையும் நமது திறனாய்வும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் ஞாயிறு இதழின் இலக்கியப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த, ஆங்கில இலக்கியத்தில் ஆன்மிகம் பற்றிய கட்டுரையையும் அதற்கு மறுவாரம் வந்த வாசகர் மறுப்பையும் படித்தேன். மில்டன் முதல் எலியட் வரை ஆங்கிலத்தின் பெருங்கவிஞர் அனைவரும் தம்மையறியாமலே வேதாந்தத்தையே பாடிவைத்தார்கள் என்கிறார் கட்டுரையாளர். மறுத்தெழுதியவரோ, சமயப் பாடல் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் உரியது, பகுத்தறிவாளர் எப்போதோ ஒதுக்கிவிட்ட அதைத் திறனாய்வுக்குள் மறுபடி இழுத்து வருவது வீண் வேலை, அப்படி வந்தாலும் அது எந்த வர்க்கத்துக்கு உதவியது என்பதற்கு மேல் அதனிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்கிறார். இருவரும் எதிரெதிராக நிற்பதாகத் தோன்றினாலும், ஒரு கவிதையைக்கூட வரிவரியாக வாசிக்காமல் எல்லாக் கவிதைக்கும் தீர்ப்புக் கூறலாம் என்பதில் அவர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. உயர்தர வகுப்புகளில் நெடுங்காலம் ஆங்கில இலக்கியம் கற்பித்தவன் என்ற முறையில் இதுபற்றி எழுத விரும்புகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாதெனில் மில்டன் பற்றிய பகுதியைக் குறையுங்கள்; கவிஞர் ஜோர்ஜ் ஹேர்பேட் பற்றிய பகுதியில் தயவுசெய்து கைவைக்க வேண்டாம்.

சமயத்துக்கும் கவிதைக்கும் இடையிலான பிணக்கு பகுத்தறிவாளர் தொடக்கிவைத்ததன்று. ஆங்கிலத்தில் அதை மிகக் கடுமையாகச் சொன்னவர் ஆழ்ந்த கிறித்தவ பக்தரான திறனாய்வாளர் சாமுவேல் ஜோன்சன். 1779 முதல் 1781 வரை வெளிவந்த கவிஞர் வரலாறுகளில் எட்மண்ட் வாலரைப் பற்றி எழுதும் இடத்தில், ஆன்மாவுக்கும் கடவுளுக்கும் இடையே நிகழும் உறவு கவிதைக்குரிய பொருளாகாது என்று அவர் அடித்துச் சொல்கிறார். படைத்தவனிடம் இரக்கம் வேண்டி நிற்கும் மனிதன், கவிதை அவனை ஏற்றிவைக்கக்கூடிய இடத்திலும் உயர்ந்த இடத்தில் ஏற்கெனவே நிற்கிறான். எல்லாம் வல்லதை மேலும் உயர்த்த இயலாது, எல்லையில்லாததை மேலும் விரிக்க இயலாது, குறைவிலாததைத் திருத்தவும் இயலாது. ஆகவே அங்கே கவிஞனுக்கு வேலை இல்லை என்பது அவர் வாதம்.

இந்த வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. பொருளை உள்ளதிலும் உயர்த்திக் காட்டுவதே கவிதையின் தொழில் என்று கொண்டால் ஜோன்சன் வந்த முடிவுக்கே நாமும் வரவேண்டியிருக்கும். ஆயினும் பன்னிரு திருமுறையோடும் நாலாயிரத்தோடும் வளர்ந்த மொழியின் வாசகனால் அந்தத் தொடக்கத்தையே ஒப்புக்கொள்ள முடியாது. சுந்தரர் திருவாரூர்ப் பெருமானை உயர்த்துவதற்காக மட்டுமா பாடினார்? கண்ணிழந்து வந்து நின்று, "மீளா அடிமை உமக்கே ஆளாய்ப் பிறரை வேண்டாதே" என்று தம் விசுவாசத்தை முதலில் எடுத்துரைத்து, அடியார் தங்கள் அல்லலைச் சொன்ன பின்னும் நீர் வாளாவிருப்பீராயின் "வாழ்ந்து போதீரே" என்று முகத்துக்கு நேரே ஏசுகிறார். கடவுளோடு வழக்காடும் ஒருவனுடைய குரலின் ஏற்ற இறக்கமும், அடிமை என்ற உரிமையில் அவன் எடுத்துக்கொள்ளும் துணிவும், அந்தத் துணிவு எந்தக் கணத்தில் உடையும் என்ற பதற்றமும் கவிதைக்குரியவை அல்ல என்று ஜோன்சனும் சொல்லியிருக்க மாட்டார். அவர் துதியை மட்டும் எண்ணினார், வழக்கை எண்ணவில்லை.

ஆங்கிலத்திலும் அந்த வழக்கு உண்டு. இயேசு சபைத் துறவியான ஜெராட் மான்லி ஹொப்கின்ஸ் டப்ளினில் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1889 மார்ச்சில், எரேமியா தீர்க்கதரிசியின் முறைப்பாட்டைத் தலையில் வைத்து ஒரு சொனற், அதாவது பதினான்கு வரிப் பாடல், எழுதினார். ஆண்டவரே, உம்மோடு வாதாடினால் நீர் நீதியுள்ளவர்தாம், ஆனால் என் வழக்கும் நீதியானதே என்று அது நீதிமன்ற மொழியில் தொடங்குகிறது. பாவிகள் செழிக்கிறார்கள், பறவைகள் கூடு கட்டுகின்றன, ஆற்றங்கரைகளில் இலை தழைக்கிறது, நான் மட்டும் உயிருள்ள ஒன்றையும் ஈன்றெடுக்காமல் உழைத்துக்கொண்டிருக்கிறேன் என்று வளர்ந்து, என் வேர்களுக்கு மழை அனுப்பும் என்ற ஒரே வேண்டுதலில் முடிகிறது. அவருடைய கவிதைகள் நண்பர் றொபேட் பிரிட்ஜஸால் 1918இல்தான் நூலாயின. சுந்தரரைப் படித்த நம் மாணவனுக்கு இந்தச் சொனற்றை விளக்க எனக்கு அதிகம் சிரமம் இருந்ததில்லை. அது ஒரு "சமயக் கருப்பொருள்" என்று குறிப்பெடுத்துத் தனியார் கல்வி நிலையத்தில் மனனம் செய்துகொண்டு வந்த மாணவனுக்குத்தான் சிரமம்.

இனி, நம்பாதவன் இதையெல்லாம் எப்படி வாசிப்பது என்ற கேள்வி. மறுத்தெழுதியவர் இதைத் தொட்டுவிட்டு நின்றுவிட்டார். கேம்பிரிட்ஜில் திறனாய்வாளர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் தம் மாணவர்களிடம் பதின்மூன்று கவிதைகளை ஆசிரியர் பெயரின்றிக் கொடுத்துக் கருத்தெழுதச் சொன்னதும், அவர்கள் எழுதியவற்றை 1929இல் நூலாக்கியதும் பலர் அறிந்த செய்தி. அவற்றுள் ஒன்று இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றிய ஜோன் டன்னின் சொனற். உலகின் நான்கு மூலைகளிலும் எக்காளம் ஊதுங்கள், இறந்தோரே எழும்புங்கள் என்று எட்டு வரி முழங்கிவிட்டு, அடுத்த வரியில் கவிஞன் திடீரெனக் குரலைத் தாழ்த்தி, அவர்கள் இன்னும் சற்று உறங்கட்டும் ஆண்டவரே, முதலில் இந்தத் தரையில் வைத்து எனக்கு மனந்திரும்பக் கற்றுத்தாரும் என்கிறான். மாணவர் பலர் இந்தத் திருப்பத்தைக் கண்டுகொள்ளவேயில்லை. அந்தக் கோட்பாட்டில் தமக்கு உடன்பாடில்லை என்று சிலர் கவிதையையே தள்ளினர். உலகின் மிகச் சிறந்த கல்வி பெற்ற இளைஞர்கள் என்று சொல்லத்தக்கவர்கள் இவர்கள். கவிதையில் வரும் கோட்பாட்டை வாசகன் என்ன செய்வது என்று ரிச்சர்ட்ஸ் ஒரு தனி இயலே எழுதவேண்டி வந்தது.

அதே 1929இல் இத்தாலியக் கவிஞர் தாந்தே பற்றி ரி. எஸ். எலியட் எழுதிய கட்டுரையில் இதற்குக் கிடைக்கும் விடையே இன்றுவரை எனக்குச் சரியாகப்படுகிறது. தாந்தே நம்பியதை நீ நம்பவேண்டியதில்லை, அவருடைய கவிதையை நீ விளங்கிச் சுவைப்பதை உன் நம்பிக்கை ஒரு காசளவும் கூட்டாது. ஆனால் அவர் நம்பியது என்ன என்பதை மேன்மேலும் விளங்கிக்கொள்ள நீ கடமைப்பட்டிருக்கிறாய் என்பது அதன் சாரம். இதை எழுதுவதற்கு ஈராண்டு முன்னரே அவர் இங்கிலாந்துத் திருச்சபையில் சேர்ந்துவிட்டார் என்பதையும், 1935இல் இன்னொரு கட்டுரையில் இலக்கியத் திறனாய்வு அறநெறி, இறையியல் நோக்கினால் நிறைவு செய்யப்படவேண்டும் என்று ஒருபடி மேலே போய்விட்டார் என்பதையும் நேர்மைக்காகக் குறிப்பிடுகிறேன். அந்த அடுத்த படி எனக்கு உடன்பாடன்று. இறையியல் அளவுகோலைக் கையில் எடுத்த மறுகணமே திறனாய்வாளன் தன் சமயத்தாருக்குப் புள்ளி போடத் தொடங்கிவிடுகிறான். ஆனால் 1929இல் அவர் சொன்னது, சமயக் கவிதையை வாசிப்பவனுக்கு வேண்டியது நம்பிக்கையன்று, அறிவு என்பது, நம் ஊரில் அன்றாடம் மறக்கப்படுகிறது.

அந்த அறிவு என்பது எத்தகையது? இதற்கு, ஹேர்பேட்டின் ஒரு பாடலை வைத்து எம்ப்சன், ரூவி என்ற இரு திறனாய்வாளர்களுக்கு இடையில் நடந்த வாதத்தை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஜோர்ஜ் ஹேர்பேட் 1633இல் மறைந்த நாட்டுப்புறப் பங்குக் குரு. அதே ஆண்டு அச்சான அவருடைய தொகுதியில் ‘த சக்ரிபைஸ்’ (பலி) என்ற நெடும்பாடல் ஒன்று உண்டு. சிலுவையில் அறையப்படும் கிறிஸ்து தாமே பேசுகிறார். என் துயர்போல் ஒரு துயர் உண்டோ என்ற, புலம்பல் ஆகமத்திலிருந்து வரும் கேள்வி செய்யுள்தோறும் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. வில்லியம் எம்ப்சன் 1930இல் வெளியிட்ட நூலில், கவிதையின் பொருள்மயக்கங்களை ஏழாக வகுத்து, ஏழாவதும் ஆகக் கூர்மையானதுமான வகைக்கு இதையே காட்டினார். மனிதன் கனியைத் திருடினான், மரத்தில் ஏறவேண்டியவன் நானோ என்று கிறிஸ்து கேட்கும் வரியில், தந்தையின் தோட்டத்தில் களவெடுக்க மரமேறும் ஒரு சிறுவனின் சாயலையும், மீட்பரும் குற்றவாளியும் ஒருவரேயாகும் முரணையும் அவர் கண்டார். இரக்கமும் பழிவாங்கலும் ஒரே வாயிலிருந்து வருவது அவரை அதிரவைத்தது.

இதற்கு றோசமண்ட் ரூவி 1950இல் ஒரு கட்டுரையாகவும் 1952இல் ஒரு நூலாகவும் மறுப்பு எழுதினார். எம்ப்சன் தம் கூர்மதியால் கண்டுபிடித்ததாக எண்ணிய முரண்கள் எல்லாம் ஹேர்பேட்டுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. பெரிய வெள்ளி வழிபாட்டில் இறைவன் தம் மக்களை நோக்கி, நான் உனக்கு என்ன தீங்கு செய்தேன் என்று முறையிடும் பகுதியிலும், இடைக்கால ஒப்பாரிப் பாடல்களிலும் அவை அப்படியே உள்ளன. ஏதேன் மரமும் சிலுவை மரமும் ஒன்றுக்கொன்று எதிர்நிற்பது அந்த மரபில் ஊறிய எந்த வாசகனுக்கும் தெரிந்த செய்தி என்று அவர் சான்றுகளை அடுக்கினார். எம்ப்சனும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு முரண் எங்கிருந்து வந்தது என்று தெரிவதால் அது முரணாக இல்லாமற் போய்விடாது என்பது அவர் பக்கத்து நியாயம்.

இந்த வாதத்தில் ரூவி பக்கம் சாய்வதற்கு யாழ்ப்பாணத்தவருக்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. தவக்காலத்தில் நம் கத்தோலிக்க ஊர்களில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கக் கேட்டவர்கள், சைவர்கள் உட்பட, ஏராளம். கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் நூல் அது. பாடுகளின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒப்பாரி இராகத்தில் இழுத்து இழுத்து வாசிக்கையில், எந்த வரியில் யார் பேசுகிறார், இரங்குவது யார், குற்றஞ்சாட்டப்படுவது யார் என்பது கேட்பவன் உள்ளத்தில் மாறிமாறி விழும். அழுதுகொண்டிருப்பவனே கொன்றவனும் ஆவான். அந்த அனுபவத்தோடு ஹேர்பேட்டை எடுத்தால், எம்ப்சனுக்கு அதிர்ச்சியாக இருந்தது நமக்கு வழிபாட்டின் இயல்பான ஒழுங்காகத் தெரியும். ஆனாலும் எம்ப்சன் அந்த அதிர்ச்சியை எழுதி வைத்திராவிட்டால் ரூவி தேடியிருக்கவே மாட்டார் என்பதையும் மறக்கலாகாது. இடைக்குறிப்பாக ஒன்று: ஹேர்பேட்டின் அந்தப் பாடலில் உள்ள செய்யுள்கள் 63. இதைக் கண்டவுடன் நாயன்மாரின் தொகையோடு முடிச்சுப் போட்டு ஒரு கட்டுரை எழுதக்கூடியவர்கள் நம்மிடையே உண்டு என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், அது தற்செயல்.

நம்பாதவனுடைய அறிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எம்ப்சனே மறுபடி சான்று. 1667இல் வெளிவந்த மில்டனின் ‘பரடைஸ் லொஸ்ற்’ காவியத்தில் சாத்தானே கதாநாயகன் போல் ஒளிர்கிறான் என்பது பழைய முறைப்பாடு. மில்டன் தம்மையறியாமல் பிசாசின் கட்சியைச் சேர்ந்தவர் என்று கவிஞர் பிளேக் சொல்லிவிட்டார். சி. எஸ். லூயிஸ் 1942இல், காவியத்தின் சமயக் கட்டமைப்பை அறியாமல் வாசிப்பதால் வரும் மயக்கம் இது என்று மறுத்தார். எம்ப்சன் 1961இல் முற்றிலும் எதிர்த்திசையில் போய், கிறித்தவக் கடவுளே கொடுமையானவர், அந்தக் கொடுமையை மறைக்காமல் அதனோடு மல்லுக்கட்டியதே மில்டனின் பெருமை என்று ஒரு நூல் எழுதினார். 1967இல் ஸ்ரான்லி பிஷ், சாத்தானின் பேச்சில் மயங்குவதன் மூலம் வாசகனே ஆதாமின் வீழ்ச்சியை மறுபடி அனுபவிக்கிறான், அதுவே கவிஞன் விரித்த வலை என்றார். இந்நால்வரில் கிறித்தவத்தை வெறுத்த எம்ப்சன், அதன் இறையியல் நுணுக்கங்களைப் பக்தர் பலரைக் காட்டிலும் நெருங்கி வாசித்தார்.

இத்தகைய எதிரியை நாம் ஆங்கிலத்தில் தேடவேண்டியதில்லை. நல்லூர் ஆறுமுக நாவலர் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்பில் உடனிருந்து உழைத்தவர். 1854இல் அவர் வெளியிட்ட ‘சைவதூஷண பரிகாரம்’ என்ற நூலை வெறும் கண்டனம் என்று எண்ணுபவர்கள் அதைத் திறந்து பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். திருக்கோயில், தீபம், அபிடேகம், நைவேத்தியம், தூய்மை விதிகள் என்று பாதிரிமார் பழித்த ஒவ்வொன்றுக்கும் பழைய ஏற்பாட்டிலிருந்தே அவர் ஒப்புமை எடுத்துக் காட்டுகிறார். தம் நம்பிக்கைக்கு முற்றிலும் மாறான ஒரு நூலை, அதன் உள்ளொழுங்கை விளங்கிக்கொண்டு வாசித்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும்.

அவரோடு சேர் பொன்னம்பலம் இராமநாதனை வைத்துப் பார்க்கலாம். இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நிற்கும் திருநெல்வேலி வளவில் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவிய அவர், ஸ்ரீ பரானந்தர் என்ற பெயரில் மத்தேயு சுவிசேஷத்துக்கு 1898இலும் யோவான் சுவிசேஷத்துக்கு 1902இலும் ஆங்கிலத்தில் விளக்கவுரை வெளியிட்டார். ஒரு யாழ்ப்பாணச் சைவப் பரம்பரையில் வந்தவர் ஆங்கிலேயருக்கு அவர்களுடைய வேதத்தையே ஞானயோக வெளிச்சத்தில் விளக்கியது சிறிய காரியமன்று; அதை நினைக்க எனக்கும் பெருமைதான். எனினும் விளக்கவுரையாக அதை வாசிக்கும்போது, பாலைவனம், மீன்பிடி வலை, வரிவசூலிப்பவன், உரோமப் போர்வீரன் எல்லாம் மெல்ல மெல்லக் கரைந்து ஆன்மாவின் நிலைகளாக மாறிவிடுகின்றன. எல்லாச் சமயமும் ஒன்றே என்று நட்போடு சொன்ன இராமநாதனின் கையில் மூலநூலின் தனித்தன்மை மங்குகிறது. பகைமையோடு வாசித்த நாவலரின் கையில் அது துலங்குகிறது. இதைச் சொல்வதால் சிலருக்கு வருத்தம் ஏற்படலாம். ஆனால் தங்கள் கட்டுரையாளர் நடப்பது இராமநாதன் போட்ட பாதையில், அவருடைய கல்வி இன்றி.

எலியட்டின் ‘த வேஸ்ற் லாண்ட்’ பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருப்பதை எடுத்துக்கொள்வோம். 1922இல் வந்த அக்கவிதையின் இறுதிப் பகுதியில் பிருகதாரணியக உபநிடதத்தின் இடியோசை வருகிறது, சாந்தி என்ற சொல் மும்முறை ஒலித்து முடிகிறது, ஆகவே மேற்குலகம் நம் காலடியில் வந்து சரணடைந்தது என்பது கட்டுரையின் உச்சக்கட்டம். உபநிடதத்தில் பிரஜாபதி தேவர், மனிதர், அசுரர் என்ற மூவகைப் பிள்ளைகளுக்கும் ஒரே எழுத்தைச் சொல்ல, தேவர் அதை அடக்கம் என்றும், மனிதர் ஈகை என்றும், அசுரர் இரக்கம் என்றும் விளங்கிக்கொள்கிறார்கள். எலியட் அந்த வரிசையை மாற்றி ஈகையை முதலிலும் அடக்கத்தை இறுதியிலும் வைத்தார். தேவரும் அசுரரும் கவிதையில் இல்லவே இல்லை, மூன்று கட்டளைகளும் ஒரே தோற்றுப்போன மனிதனை நோக்கியே வருகின்றன. அதே பகுதியில் எம்மாவூருக்குப் போகும் வழியில் சீடர்களோடு யாரென்று தெரியாமல் நடந்த உயிர்த்த கிறிஸ்துவும் வருகிறார். ஏன் வரிசை மாறியது, எம்மாவூர் ஏன் அருகில் வந்தது என்று கேட்பதே திறனாய்வு. ஹார்வர்ட்டில் லான்மனிடம் வடமொழியும் வூட்ஸிடம் பதஞ்சலியும் கற்ற எலியட், இந்தியச் சிந்தனையின் உள்ளே முழுமையாகப் போகவேண்டுமானால் அமெரிக்கராகவும் ஐரோப்பியராகவும் சிந்திப்பதையும் உணர்வதையும் மறக்கவேண்டியிருக்கும், அதற்குத் தாம் ஆயத்தமில்லை என்று 1934இல் வெளிப்படையாகவே எழுதினார். சரணடைந்தவர் எழுதும் வாக்கியம் அன்று அது. இந்தத் தொடர்பு முழுவதையும் கிளியோ மக்நெலி கேர்ன்ஸ் 1987இல் ஒரு நூலாகவே ஆராய்ந்திருக்கிறார். பெருமைப்படுவதற்கு முன் அதைப் புரட்டிப் பார்த்திருக்கலாம்.

ஆங்கிலத்தில் எழுதப்படுவது எல்லாம் ஆங்கிலேயர் எழுதுவதும் அன்று. ஆர். கே. நாராயணின் ‘த கைட்’ நாவலில் சிறையிலிருந்து வந்த ராஜு என்ற வழிகாட்டியைக் கிராமத்தார் சாமியார் என்று நம்பி, அவன் மழைக்காக உண்ணாவிரதம் இருப்பான் என்றும் நம்பிவிடுகிறார்கள். இறுதியில் ஆற்றுநீரில் தள்ளாடி நின்று மலையில் மழை பெய்கிறது என்று சொல்லிச் சரிகிறான்; பெய்ததா என்று ஆசிரியர் சொல்வதில்லை. வேடம் என்றைக்கு விரதமாக மாறியது என்ற கேள்விக்கு, விரதம் என்பது நம் ஊர்களில் என்ன, அதை இருப்பவனுக்கும் ஊருக்கும் உள்ள உறவு என்ன என்று தெரிந்தவன் சொல்லும் விடைக்குத் தனிப் பெறுமதி உண்டு. 1958இல் வந்த இந்த நாவலை வேதாந்தம் என்றும் சொல்லமுடியாது, கிண்டல் என்றும் ஒதுக்கமுடியாது.

மறுத்தெழுதியவருக்கும் ஒரு வார்த்தை. வர்க்க நோக்கில் சமய இலக்கியத்தை ஆராய்வதை நான் பழிப்பவன் அல்லன். பேராசிரியர் கைலாசபதி ‘நாடும் நாயன்மாரும்’ என்ற கட்டுரையில் பக்தி இயக்கத்தின் சமூக அடித்தளத்தைக் காட்டியபோது எமக்குப் புதிதாக ஒரு கண் திறந்தது. அந்த ஆராய்ச்சி, அத்தகைய இயக்கம் ஏன் அந்தக் காலத்தில் எழுந்தது என்பதை விளக்கும். ஒரே இயக்கத்தில், ஒரே நூற்றாண்டில் தோன்றிய இரு பதிகங்களில் ஒன்று நெஞ்சை உலுக்கவும் மற்றது வெறும் தலப்பெயர் அடுக்காக நிற்கவும் காரணம் என்ன என்பதற்கு அது விடை சொல்வதில்லை, சொல்வதாக அவரும் உரிமை கோரவில்லை. எழுபதுகளின் முற்பகுதிவரை புங்குடுதீவு எழுத்தாளர் மு. தளையசிங்கம் முற்போக்கு அணியோடு நடத்திய வாதமும் ஏறத்தாழ இந்த இடத்தில்தான் நின்றது. அவரோ மறுகோடிக்குப் போய், இலக்கியமே ஆன்மிகப் பயிற்சியாக மாறவேண்டும் என்றார். அவ்வளவு தூரம் என்னால் போகமுடியாது.

இறுதியாக ஹேர்பேட்டின் இன்னொரு கவிதை. அவருடைய தொகுதியில் அன்பு என்ற தலைப்பில் உள்ள மூன்றாவது பாடல், பதினெட்டே வரிகள். அன்பு வீட்டுக்காரராக வாசலில் நின்று வரவேற்கிறது. புழுதியும் பாவமும் படிந்த ஆன்மா உள்ளே வந்தும் வராமலும் தயங்குகிறது. கூர்ந்த கண்ணுள்ள அன்பு அந்தத் தளர்ச்சியைக் கண்டு அருகே வந்து, ஏதும் குறைவோ என்று இனிமையாகக் கேட்கிறது. இங்கு இருக்கத் தகுதியுள்ள ஒரு விருந்தாளிதான் குறை என்கிறான் வந்தவன். அது நீயே என்கிறது அன்பு. உம்மைப் பார்க்கவும் என்னால் முடியாதே என்றால், கையைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு, அந்தக் கண்களைப் படைத்தவர் யார் என்று கேட்கிறது. அவற்றைக் கெடுத்துக்கொண்டவன் நான் என்றால், அந்தப் பழியைச் சுமந்தவர் யாரென்று உனக்குத் தெரியாதா என்கிறது. அப்படியானால் நான் பரிமாறுகிறேன் என்று கடைசியாக ஒரு தந்திரம் செய்து பார்க்கிறான் விருந்தாளி. நீ இருந்துதான் சாப்பிடவேண்டும் என்கிறது அன்பு. அவனும் இருந்தான், உண்டான். ஆங்கில மூலத்தில் அந்தக் கடைசி வரி ஆறே ஆறு ஓரசைச் சொற்கள். அதுவரை வாதாடிக்கொண்டிருந்த குரல் அதில் அடங்கிவிடுகிறது.

"முகந்திரிந்து நோக்கக் குழையும் விருந்து" என்று படித்த நமக்கு இந்தக் காட்சியின் மென்மை உடனே பிடிபடும். அனிச்சத்திலும் மெல்லிய விருந்தாளியை இங்கே குழையவைப்பது வீட்டுக்காரரின் முகமன்று, அவனுடைய சொந்த வெட்கம். ஆகையால் வீட்டுக்காரர் ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேசவேண்டியிருக்கிறது. இதுவரை நம் மரபு நமக்குத் துணை. இதற்கு மேல் படிப்பு வேண்டும். பரிமாறுகிறேன் என்ற விருந்தாளியின் பணிவு ஏன் மறுக்கப்படுகிறது? மனிதன் தன் செயலால் மீட்பை ஈட்டமுடியாது, அதைப் பெற்றுக்கொள்ள மட்டுமே முடியும் என்ற சீர்திருத்தத் திருச்சபைக் கோட்பாடு அங்கே வேலை செய்கிறது என்று றிச்சட் ஸ்ரையர் 1983இல் எழுதிய நூலில் காட்டினார். எசமானரே இடைக்கச்சை கட்டிக்கொண்டு ஊழியரைப் பந்தியில் இருத்திப் பரிமாறுவார் என்ற லூக்கா சுவிசேஷ வாக்கும், நற்கருணைப் பந்தியில் உணவாவது அந்த வீட்டுக்காரரே என்பதும் தெரியாவிட்டால், இது நல்லதொரு விருந்தோம்பல் கதையாக நின்றுவிடும்.

"நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்குத் தாயிற் சிறந்த தயாவான தத்துவனே" என்ற சிவபுராண வரியை இதற்கு நேராக வைக்க நம்மில் எவருக்கும் கை பரபரக்கும். வைக்கலாம், வைத்துவிட்டு வேறுபாட்டையும் பார்க்கவேண்டும். சைவசித்தாந்தத்தில் ஆன்மாவைப் பற்றியிருக்கும் ஆணவ மலம் அநாதியானது, ஆன்மா செய்துகொண்ட குற்றமன்று. ஹேர்பேட்டின் விருந்தாளியோ, கண்கள் நன்றாகத்தான் படைக்கப்பட்டன, கெடுத்தவன் நானே என்று ஒப்புக்கொள்கிறான். மாணிக்கவாசகர் உருகி நிற்கும் இடத்தில் அவன் வெட்கப்பட்டு வெளியேறப் பார்ப்பதற்கும், அவனை இருத்திவைக்க அவ்வளவு வாதம் தேவைப்படுவதற்கும் காரணம் இந்த வேறுபாடே என்பது என் துணிபு. இரண்டு கவிதைகளும் ஒன்றே சொல்கின்றன என்று முடித்திருந்தால் இரண்டிலும் இது நம் கண்ணில் பட்டிருக்காது.

ஆகவே தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ஆன்மிகமும் இலக்கியமும் என்ற பொதுத்தலைப்பில் நீண்ட கட்டுரைகளை வெளியிடுவதைச் சிறிது காலம் நிறுத்திவைத்து, ஞாயிறு இதழில் மாதம் ஒரு ஆங்கிலச் சமயக் கவிதையை மட்டும் எடுத்து, அதன் தமிழ்ப் பெயர்ப்போடு வரிவரியாக உரை எழுதுவிக்கலாம். யாழ்ப்பாணத்தில் இறையியல் கற்ற குருமாரும், திருமுறை பண்ணோடு ஓதவும் சாத்திரம் சொல்லவும் வல்லவர்களும், ஆங்கில இலக்கியம் கற்பிப்போரும் ஒரு சைக்கிள் ஓட்டத் தூரத்துக்குள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரே பக்கத்தில் எழுதி நான் கண்டதில்லை. ஹேர்பேட்டின் கவிதைக்குரிய முதல் உரையை எழுதித்தர ஆயத்தமாக இருக்கிறேன். அது அச்சுக்குப் போகுமுன் இறையியல் கற்ற ஒருவரும் சித்தாந்தம் கற்ற ஒருவரும் அதைப் பார்த்துத் தம் மறுப்புகளைக் கீழே எழுதவேண்டும் என்பதும், அந்த மறுப்புகளை வெட்டாமல் முழுமையாக வெளியிடவேண்டும் என்பதும் மட்டுமே என் நிபந்தனை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.